மித்கால் கீழே வைத்த காப்பி

1

இந்தக் கதை ஒரு கடைவாய்ப் பல்லில் தொடங்கியது. பல் என்னுடையது. அதைப் பிடுங்கிக்கொண்டு வரும் வழியில் ஒரு நண்பர் வீட்டில் காப்பி கொடுத்தார்கள். வாயில் பஞ்சு, கோப்பையைக் கீழே வைத்தேன். நண்பரின் முகம் வெளுத்தது. எங்கள் அரபு ஊரான ஸல்த்தில் விருந்தாளி காப்பியைக் குடிக்காமல் வைத்தால், ஏதோ பெரிதாகக் கேட்க வந்திருக்கிறார் என்று பொருள். "குடிங்க, தந்தேன்" என்று வீட்டுக்காரர் சொன்ன பிறகுதான் குடிப்பார்.

கெட்டிக்கார எழுத்தாளர் அந்தப் பல்லைக் கடைசிவரை ஒளித்து வைத்திருப்பார். என் வாயில் எதுவும் தங்காது, பல் உட்பட.

2

பல்லை இப்போது என் கதையில் வரும் மித்கால் வாய்க்கு மாற்றுகிறேன். காப்பி கொடுப்பவர் பக்கத்து வீட்டு அபூ ஹஸ்ஸா. இருவருக்கும் பேச்சு நின்று ஒரு மழைக்காலம் ஆகிறது. காரணம், அபூ ஹஸ்ஸாவின் காலமான மனைவி நட்ட திராட்சைக்கொடி. அதன் சருகு மழைநீர்க் குழாயை அடைத்து மித்கால் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. "வெட்டிப் போடு" என்றார் மித்கால். "முதல்ல என் கையை வெட்டு" என்றார் அபூ ஹஸ்ஸா.

[அபூ ஹஸ்ஸா தங்கமான மனிதர். யார் வந்தாலும் வாரி அணைத்து] இல்லை, அடித்துவிட்டேன். தங்கமான மனிதருக்குக் கதை எதற்கு?

3

மித்கால் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்து உட்கார்ந்தார். தலைத்துணி கன்னத்தை மூடியிருந்தது. வாசலேறி வந்தவனுக்கு ஊற்றாமல் முடியுமா? அபூ ஹஸ்ஸா ஊற்றினார். மித்கால் வாங்கினார், கீழே வைத்தார்.

கொடிக்குத்தான் வந்திருக்கிறான். அபூ ஹஸ்ஸாவுக்கு அதில் சந்தேகமே இல்லை.

"என்ன வேணும்? சொல்லித் தொலை."

மித்கால் தலைத்துணியைக் கன்னத்தோடு அழுத்திக்கொண்டார்.

"மழை பெஞ்சதுக்கு நானாடா பொறுப்பு?"

அதற்கும் தலைத்துணியைத்தான் அழுத்தினார்.

[அப்போது அவர் மனம் மலர்ந்தது] எதனால் மலர்ந்தது? எழுதிவிட்டால் மலர்ந்துவிடுமா? காத்திருந்தேன். அபூ ஹஸ்ஸா எதிரே பார்த்தார். முழங்கால்மேல் மித்காலின் கை நடுங்கிக்கொண்டிருந்தது.* இந்த வீம்புக்காரன் என் படியேற எவ்வளவு பாடுபட்டிருப்பான் என்று தோன்றியதும் அவருக்குக் கோபம் போய்விட்டது. ஜன்னல் வழியே கொடியை ஒருமுறை பார்த்தார்.

"குடி மித்கால். என்ன கேட்டாலும் தந்தேன்."

* பல் பிடுங்கிய மயக்கம். அபூ ஹஸ்ஸாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

4

மித்கால் பஞ்சை வெளியே எடுத்தார். "பல்லு பிடுங்கிட்டு வரேன்பா. தலை சுத்துச்சு, உன் கதவு திறந்திருந்தது. கேக்க ஒண்ணுமில்ல."

"முதல்லயே சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா?"

"பஞ்சு."

அபூ ஹஸ்ஸா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சொன்னது சொன்னதுதான். தந்தேன்னுட்டேன். ஏதாவது கேக்காம உன்னை எந்திரிக்க விடமாட்டேன்."

5

மித்கால் ஜன்னல் பக்கம் திரும்புகிறார்.

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் அவர் கொடியைக் கேட்டார். அபூ ஹஸ்ஸா அரிவாளை எடுத்தார். அழுதுகொண்டே எழுதி, கிழித்துப் போட்டேன். இன்னொன்றில் ஒரு கூடை திராட்சை போதும் என்றார். தித்திப்பு அதிகம், எனக்குச் சர்க்கரை வியாதி வேறு.

அதனால் உங்களிடம் விடுகிறேன். மித்கால் என்ன கேட்கட்டும்? அபூ ஹஸ்ஸா கொடியைப் பார்க்கவில்லை, மித்காலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவசரம் வேண்டாம். காப்பி ஆறட்டும். ஆறினால்தான் மித்காலால் குடிக்க முடியும்.