வாசலில் பூசிய சிவப்புக் கஞ்சி

தொங்யோங் துறைமுகத்துக்கு மேலே, லிஃப்ட் இல்லாத ஒரு ஐந்து மாடிக் கட்டடத்தில், செத்துப்போன நாய் ஒன்று ராத்திரிதோறும் படியேறி மேல்மாடிக்கு வந்து, தன் குட்டியின் பக்கத்தில் படுத்துவிட்டு, விடிகிறதற்குள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. நாயை யாரும் பார்த்ததில்லை. பார்க்க அதில் ஒன்றும் மிச்சமில்லை, சூடு மட்டும்தான் இருந்தது. தரையில் கை வைத்தால் ஒரு நாய் நீளத்துக்கு வெதுவெதுப்பாகத் தெரியும். பின்னங்கால் ஒன்றை மடக்கிப் படுக்கிற பழக்கம் உயிரோடு இருந்தபோதே அதற்கு உண்டு. அந்த மடக்கு கூட அப்படியே தெரிந்தது.

மேல்மாடியில் இருந்தவள் பாங் ஓக்சிம். துறைமுகத்தில் சிப்பி உடைக்கிற கொட்டகையில் வேலை, தனிக்கட்டை, வாய் கொஞ்சம் நீளம். அந்த நாய் கொட்டகை நாய். ஓக்சிம் போட்ட மீன் தலையைத் தின்றே வளர்ந்தது. குட்டி போட்ட கொஞ்ச நாளில், பின்னோக்கி வந்த லாரிக்குக் கீழே போய்விட்டது. மற்றக் குட்டிகளை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடிப்பிடித்த சோற்றின் நிறத்தில் ஒன்று மட்டும் மிஞ்சியது. ஓக்சிம் அதை ரப்பர் ஏப்ரனுக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அடிச்சோற்றின் பெயரையே வைத்து நுருங்ஜி என்று கூப்பிட்டாள்.

முதல் ராத்திரி ஊரைக் கூட்டும், தூக்கிவிடாதே, கைப்பழக்கம் வந்தால் அப்புறம் இறங்காது என்று கொட்டகையில் எல்லாரும் பாடம் எடுத்திருந்தார்கள். அவளும் வெந்நீர்ப் பை, தாயின் நெஞ்சுத் துடிப்பு மாதிரிக் கேட்கத் துண்டில் சுற்றிய கடிகாரம், தன் பழைய ஸ்வெட்டர் எல்லாம் தயார் பண்ணித்தான் வைத்திருந்தாள். ஒன்றும் தேவைப்படவில்லை. குட்டி ஒரு முனகல் கூட இல்லாமல் தூங்கியது. பக்கத்துத் தரையைத் தொட்டுப் பார்த்தாள், சூடு. தரையைச் சூடாக்குகிற பாய்லரை அணைத்து ரொம்ப நேரமாகியிருந்தது. ஓக்சிம் கையை நகர்த்தித் தடவிப் பார்த்தாள், பின்னங்கால் மடங்கியிருந்தது. பிறகு, "வந்துட்டியா? சரி, படு," என்று சொல்லி, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இதை யாரிடமும் சொல்லவில்லை. தாய் பிள்ளைகிட்ட வருகிறது, இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

தோங்ஜி வந்தது. வருஷத்திலேயே நீளமான ராத்திரி அது. அன்றைக்கு சிவப்புப் பயறுக் கஞ்சி காய்ச்சி, தின்றது போக மிச்சத்தை வாசலில் பூசினால் ஆவி அண்டாது. மகளிர் சங்கத் தலைவி குவாக் மியோங்ஜா முற்றத்தில் அண்டா வைத்தாள். மூன்றாம் மாடிக்காரி, புருஷன் செத்த பிறகு கட்டடத்தையே குடும்பமாக நினைத்து நடத்துகிறவள். ஓக்சிமும் நின்று கஞ்சியைக் கிண்டினாள். ஒரு கிண்ணம் நிறைய வாங்கி, மேலே போய், சின்ன வயசிலிருந்து கை பழகின வேலை என்பதால் யோசிக்காமல் தன் வாசலில் தானே பூசினாள். மற்றவர்களை விடக் கெட்டியாகவே பூசினாள்.

அன்றைக்கு ராத்திரி குட்டி கத்திய கத்தில் கீழ்மாடி வரைக்கும் விளக்கு எரிந்தது. வெந்நீர்ப் பை, கடிகாரம் எதற்கும் மசியவில்லை. ஸ்வெட்டரை மோந்து பார்த்துவிட்டு அதன் மேலேயே மூத்திரம் போனது. மடியில் போட்டால் துள்ளி இறங்கி, கதவுக்கு முன்னால் உட்கார்ந்து கத்தியது. மறுநாளும் அதே கதை. காவல்கார யாங் வீடுதோறும் இருக்கிற ஸ்பீக்கரில், மேல்மாடியில் நாய் வளர்க்கிறவர் அக்கம்பக்கத்தாரைக் கருதி நடந்துகொள்ளவும் என்று அறிவித்தான். பேர் சொல்லவில்லை. மேல்மாடியில் வேறு யார் நாய் வளர்க்கிறார்கள்? அந்த வாரமே கூட்டம் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரியும் கத்தினால் திங்கள் காலையில் குட்டியை நகராட்சி நாய்க்கூடத்துக்கு அனுப்புவது என்று குவாக் மியோங்ஜா கை தூக்கினாள், எல்லாரும் தூக்கினார்கள். நாய்க்கூடத்துக்குப் போன நாய் திரும்பி வந்ததாக அந்த ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை. ஓக்சிம் எழுந்து, முதலில் என்னைத் தூக்கி வண்டியில் போடுங்கள், அப்புறம் குட்டியைப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு, நாற்காலியை மடக்காமலே வெளியே போனாள்.

அன்று ராத்திரி அவள் குட்டியைச் சமாதானம் பண்ணவில்லை. அது எதைப் பார்த்துக் கத்துகிறதோ அதைப் பார்ப்போம் என்று கதவைத் திறந்தாள். வெளிச் சிமென்டில் கை வைத்தாள். நாய் நீளத்துக்கு வெதுவெதுப்பு, கதவை ஒட்டி, பின்னங்கால் மடங்கி. அதன் தலைக்கு மேலே, கதவில், காய்ந்த சிவப்புக் கஞ்சி. ஓக்சிம் தன்னையே நாலு வார்த்தை திட்டிக்கொண்டு, பாத்திரம் தேய்க்கிற நாரை எடுத்து வந்து கதவைத் தேய்த்தாள். சூடு அவள் கணுக்காலை உரசிக்கொண்டு உள்ளே போனது. குட்டி தூங்கிவிட்டது.

காலையில் குவாக் மியோங்ஜா கழுவின கதவைப் பார்த்தாள். ஆவிக்கு ஒரு வாசல் திறந்தால் கட்டடமே திறந்த மாதிரி என்று நினைத்தாள். புதிதாகக் கஞ்சி காய்ச்சி, ஓக்சிம் வேலைக்குப் போன நேரம் பார்த்து அந்தக் கதவில் பூசினாள். அதோடு விடாமல் கீழே பெரிய வாசலிலும் கை கையாக அள்ளி அப்பினாள். சனிக்கிழமை குட்டி மறுபடி கத்தியது. ஓக்சிம் தன் கதவைக் கழுவினாள், பிரயோஜனமில்லை. ஞாயிறு விடிந்ததும் இறங்கிப் பார்த்தால் முற்றம் முழுக்க உறைபனி வெள்ளையாகக் கிடக்கிறது, பெரிய வாசலுக்கு வெளியே ஒரே ஒரு இடம் மட்டும் ஈரமாகக் கறுத்திருக்கிறது. பின்னங்கால் மடங்கி.

அவள் யாரும் இல்லாத நேரம் பார்க்கவில்லை. பத்து மணிக்கு, குப்பை பிரிக்க எல்லாரும் முற்றத்தில் கூடுகிற நேரத்தில், வாளியும் நாருமாக வந்து பெரிய வாசலைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"ஏண்டி ஓக்சிம், உனக்கென்ன பைத்தியமா?" என்றாள் குவாக் மியோங்ஜா. "கண்ட கண்ட ஆவியெல்லாம் உள்ள வரும்டி."

"வரட்டும்க்கா."

"ஒரு நாய்க்காகவா?"

"ஆமா, நாய்க்காகத்தான். செத்த தாய் குளிர்ல வெளிய கிடக்குது. புள்ள உள்ள கத்துது. நடுவுல நம்ம கஞ்சி. எனக்கு வெக்கமா இருக்குக்கா, உங்களுக்கு இல்லியா?"

குவாக் மியோங்ஜாவின் குரல் தணிந்தது. "எம் புருஷனும் வருவான்டி. இருந்தப்பவே குடிச்சிட்டு வந்து தட்டுமுட்டெல்லாம் உடைச்சவன். அவனையும் நீ சமாளிப்பியா?"

"உங்க கதவை நான் தொடல. அது உங்க இஷ்டம். இது எல்லாருக்கும் பொதுவாசல். நீங்க நூறு வாட்டி பூசுங்க, நான் நூத்தியொரு வாட்டி கழுவுறேன். சிப்பி உடைக்கிற கை, லேசுல ஓயாது."

யாரும் அவளைத் தடுக்கவில்லை. தடுக்கிற மாதிரி முகத்தோடு அவள் தேய்க்கவும் இல்லை. வாளித் தண்ணீர் சிவப்பாக ஓடி சாக்கடையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாங் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, இன்னொரு வாளி கொண்டுவந்து வைத்தான்.

அன்று ராத்திரி கட்டடமே கத்தலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு விழித்திருந்தது. கத்தல் வரவில்லை. படிகள்தான் ஒவ்வொன்றாகச் சூடேறின. கதவிடுக்கில் கை வைத்துப் பார்த்தவர்கள் எல்லாரும் அதைச் சொன்னார்கள். மேல்மாடியில் குட்டி ஒரு தடவை கொட்டாவி விட்டது, அவ்வளவுதான். திங்கள் காலையில் எந்த வண்டியும் வரவில்லை.

ஆனால் நாய்க்குப் பின்னால் இன்னொரு சூடும் தடுமாறித் தடுமாறிப் படியேறி, மூன்றாம் மாடியோடு நின்றுவிட்டது. குவாக் மியோங்ஜா கதவைத் திறந்தாள். கையில் துடைப்பம். வாசலில் ஒரு ஆள் நீளத்துக்கு வெதுவெதுப்பு, குப்புறக் கிடந்தது. ஓங்கின துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். "உள்ள வரக் கூடாது. இங்கதான்," என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் ஒரு பழைய பாயைக் கொண்டுவந்து விரித்தாள். தன் கதவுக் கஞ்சியை அவள் இன்றுவரை கழுவவில்லை. பாயை மட்டும் மாசம் ஒரு தடவை வெயிலில் போடுகிறாள்.

நுருங்ஜி வளர்ந்து, இப்போது தாயை விடப் பெரிசு. சூடு வருகிற ராத்திரிகளில் இன்னமும் இடம் விட்டுப் படுக்கிறது. தோங்ஜிக்கு முற்றத்தில் அண்டா ஏறத் தவறுவதில்லை. கஞ்சியை எல்லாரும் தின்கிறார்கள், பெரிய வாசலில் மட்டும் யாரும் பூசுவதில்லை. குளிர்காலம் தொடங்கியதும் யாங் ஸ்பீக்கரில் மூன்று விஷயம் அறிவிக்கிறான். தண்ணீர்க் குழாய் உறையாமல் பார்த்துக்கொள்ளவும். மீன் குப்பையைத் தனியாகப் போடவும். ராத்திரி படியிலோ நடைவழியிலோ தரை எங்காவது சூடாக இருந்தால், மிதிக்காமல் சுற்றிப் போகவும்.