கார்டா, ஃபிளாப்பியா

பிரசவ வார்டில் பிறந்த குழந்தைகளைப் படமெடுப்பது என் பிழைப்பு. ஒரு வாரமாக முதலாளி என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். டிஜிட்டல் கேமரா வாங்கப்போகிறாராம். ஃபிளாப்பி போடுகிறதை வாங்குவதா, மெமரி கார்டு போடுகிறதை வாங்குவதா என்று நான் சோதித்து எழுதித் தர வேண்டுமாம். நாளெல்லாம் நின்று கால் வீங்கிக் கிடக்கிறது, இதில் இந்தக் கூத்து வேறு.

இரவல் கேமரா இரண்டையும் தோளில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு குழந்தையையும் இரண்டிலும் எடுத்தேன். ஃபிளாப்பி கேமரா செங்கல் கனம். பொத்தானை அழுத்தினால் யோசித்து யோசித்துத்தான் எடுக்கும்; அதற்குள் குழந்தை முகத்தைத் திருப்பியிருக்கும். அப்புறம் கர்ர் கர்ரென்று முனகும். கார்டு கேமரா சட்டென்று எடுக்கும், படமும் பளிச். ஆனால் இருந்தது ஒரே கார்டு, அதுவும் இருபது படத்தில் நிரம்பிவிடும். ஆர்டர் வந்த படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு மிச்சத்தை அழித்துவிடுவேன். அது நானே போட்டுக்கொண்ட சட்டம்.

வெள்ளிக்கிழமை காலை, 'கார்டே மேல்' என்று எழுதிக்கொண்டிருந்தபோது ஏழாம் கட்டில்காரி வந்து நின்றாள். கையில் குழந்தை இல்லை.

"அக்கா, திங்கக்கிழமை என் பொண்ணைப் படம் எடுத்தீங்களே, அது வேணும்."

"நீங்க ஆர்டரே சொல்லலையேம்மா."

"அன்னிக்கே மூச்சு திணறுதுன்னு ஐசியூவுக்குத் தூக்கிட்டு ஓடினாங்க. நேத்து போயிட்டாக்கா. அவ படம்னு எங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல."

கண்ணை விழித்து நேராகப் பார்த்த படம் ஒன்று கார்டில் இருந்தது. திங்கட்கிழமை மாலையே அழித்துவிட்டேன். பாவி, நான்தான் அழித்தேன்.

சோதனை ஃபிளாப்பிகள் ஞாபகம் வந்து மேசை இழுப்பறையைக் கவிழ்த்தேன். ஏழாம் கட்டில் ஃபிளாப்பியின் மேல் ஒட்டிய தாளில் என் கையெழுத்தில் 'உதவாது' என்றிருந்தது. அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் செருகினேன். படிக்க முடியவில்லை என்றது. எடுத்து ஊதிவிட்டு மறுபடி செருகினேன். நெடுநேரம் முனகிவிட்டு, படம் மேலிருந்து மெல்ல மெல்ல இறங்கியது. தொப்பி, ஒரு காது, கன்னத்தின் ஓரம், மூடிய கை. அவ்வளவுதான்.

"முகம் விழலம்மா. அந்தப் பக்கம் திரும்பிட்டா. மன்னிச்சிருங்க."

அவள் திரைக்கு வெகு பக்கத்தில் குனிந்தாள்.

"அந்தப் பக்கம்தான்க்கா நான் படுத்திருந்தேன்."

படத்தை அச்செடுத்து, ஃபிளாப்பியையும் ஒட்டியிருந்த தாளை உரித்துவிட்டு அவள் கையிலேயே கொடுத்தேன்.

மதியம் அறிக்கையை முடித்தேன். கார்டே மேல், அதில் மாற்றமில்லை. கடைசியில் ஒரு வரி மட்டும் சேர்த்தேன்: படத்தை அழிக்கிற வேலைக்கு இனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.