ஹைதர் அண்ணன் கெம்பாலி

"எத்தன மணிக்கு எடுக்கிறீங்க?" என்று அழுதபடியே உள்ளே நுழைந்த பக்கத்து வீட்டு ரொஸ்னா, எடுக்கப்பட வேண்டியவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அழுகையை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டாள்.

"அஸர் தொழுகைக்கு அப்புறமா இருக்கும்," என்றார் ஹைதர். "உக்காரும்மா, டீ குடி."

சமையலறையிலிருந்து ஓடிவந்த ஹபீபா பீவிக்கு ஒன்றும் புரியவில்லை.

"யாருடி ஒனக்கு இப்படிச் சொன்னது?"

"நீங்கதான்லா அக்கா! குரூப்ல போட்டிருக்கீங்க!"

ரொஸ்னா நீட்டிய கைப்பேசியில் ஹபீபா தான் எழுதியதைத் தானே படித்தாள். 'ஹைதர் அண்ணன் கெம்பாலி.' அதன் கீழே சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வரிசையாக, சாவுச் செய்திக்குச் சொல்லும் இன்னாலில்லாஹி சொல்லியிருந்தார்கள்.

காலையில் பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில், ஒரு கையால் அண்ணனின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மறுகையால் மலாயில் தட்டிவிட்ட செய்தி அது. கெம்பாலி என்றால் திரும்பிவிட்டார். ஊருக்குத் திரும்பிவிட்டார் என்றுதான் அவள் சொல்ல வந்தாள். ஆனால் யாராவது இறந்தாலும் இறைவனின் கருணைக்குக் கெம்பாலி என்றுதான் மலாயில் எழுதுவார்கள். சாகக் கிடக்கிறவரைப் பற்றி ஒற்றைச் சொல்லில் எழுதினால் ஊர் எந்தத் திரும்பலை எடுத்துக்கொள்ளும்? பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் மலாய் சொல்லிக்கொடுத்தவள். வாக்கியம் முடியவில்லை என்று எத்தனை பிள்ளைகளின் கட்டுரையைச் சிவப்பு மையால் கிழித்திருப்பாள்! இப்போது அவளுக்கு யார் சுழிப்பது?

"இருங்க, மாத்திப் போட்டுடுறேன்."

"போடாதே ஹபீ," என்றார் ஹைதர். சிரிப்பில் அவருக்கு மூச்சு வாங்கியது. "நான் போனா யார் யார் வருவாங்கன்னு பாத்துட்டுப் போறேனே. எத்தன பேருக்கு இந்தக் குடுப்பினை கிடைக்கும்?"

பெர்த்தில் முப்பது வருடம் பஸ் ஓட்டிவிட்டு, ஓய்வுக்குப் பிறகு துருக்கியைச் சுற்றிப் பார்க்கப் போனவர் அவர். அங்கே ஒரு ஹோட்டல் படியில் விழுந்தார். இதயம் பாதிகூட வேலை செய்யவில்லை, நாட்கள்தான் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். எந்த ஊருக்கு அனுப்பி வைக்க என்று காப்புறுதிக்காரர்கள் கேட்டபோது, பெர்த் என்று சொல்ல வேண்டிய வாய் பினாங்கு என்று சொல்லிவிட்டது. பெர்த்தில் இருக்கும் மகள் நஜ்வா போனில் ஒரு பாட்டம் கத்தித் தீர்த்துவிட்டு, நாளைக் காலை வந்து இறங்குவதாகச் சொன்னாள்.

பினாங்கு என்று அவர் ஏன் சொன்னார் என்பது ஹபீபாவுக்குத் தெரியும். வந்து இறங்கியதும் முதலில் கேட்டது, "ரசாக்கு வருவானா?" என்றுதான். அவர்களுடைய தம்பி ரசாக்குக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோற்றுக்கடை. கூப்பிடு தூரம். ஆனாலும் அண்ணனும் தம்பியும் பேசி எட்டு வருடம் ஆகிறது. உம்மா மவுத்தான அன்று, சாவுச் செய்தி கேட்டு ஹைதர் பெர்த்திலிருந்து கோலாலம்பூர் வரைக்கும் வந்துவிட்டார். மையித்தைக் காக்க வைக்கக் கூடாது என்று ரசாக் அவர் வருவதற்குள் அடக்கிவிட்டான். ஈரம் காயாத கபரின் முன்னால் நின்று, ஊரார் அத்தனை பேரும் பார்க்க, ஹைதர் தம்பியைத் திட்டித் தீர்த்தார். அதோடு சரி. ஹபீபா நடுவில் கிடந்து எட்டு வருடம் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடி வாங்கினாள். அண்ணன் கண்ணை மூடுவதற்குள் இவர்கள் இரண்டு வார்த்தை பேசிவிட வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

வந்தவர்களெல்லாம் அழுதுகொண்டே நுழைந்து, திடுக்கிட்டு, சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். ஹைதர் ஒவ்வொருவரையும் வரவேற்று, மாப்பிள்ளை மாதிரி கம்பீரமாகக் கைகுலுக்கினார்.

ரசாக் மதியம் வந்தான். கக்கத்தில் மையித்துக்குச் சுற்றும் வெள்ளைக் கபன் துணி, கையில் அத்தர் பாட்டில். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அண்ணனைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"கொஞ்சம் லேட்டாவும் தம்பி," என்றார் ஹைதர். "நீ எப்பவும் அவசரந்தான்."

இந்த மனுஷனுக்கு நாக்கில் சனியன் என்று ஹபீபா பல்லைக் கடித்தாள். ரசாக் துணியை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பினான். ஆனால் அவனால் வெளியே போக முடியவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு அவன் கடை ஆட்கள் பெரிய சோற்றுப் பானையோடு நின்றார்கள்.

"தவுக்கே, இத எங்க வைக்கிறது?" என்று முதலாளியைக் கேட்டான் ஒருவன்.

"அது யாருக்கு?" என்று கேட்டார் ஹைதர்.

"மவுத்து வீட்டுக்கு," என்றான் ரசாக், முகத்தைத் திருப்பாமலே.

"அப்ப மொதத் தட்டு எனக்குத்தானே?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கடை ஆள் ஒருவன் அவசரமாகத் தட்டை எடுத்துக் கறியை ஊற்றினான். ரசாக்குக்கு அது பொறுக்கவில்லை. "இப்படியாடா ஊத்துவாங்க?" என்று கரண்டியைப் பிடுங்கினான். மீன் குழம்பு கொஞ்சம், ஆட்டுக்கறிக் குழம்பு கொஞ்சம், ஓரமாக இரண்டு வெண்டைக்காய். சின்ன வயதில் அண்ணன் எப்படிச் சாப்பிடுவாரோ அப்படியே.

"உப்பு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருடா," என்றாள் ஹபீபா.

"மையித்துக்கு என்னக்கா டாக்டரு?"

ஹைதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உம்மாவ அன்னைக்கே அடக்குனது சரிதான்டா. நான்தான் எல்லார் முன்னாலயும் கத்திட்டேன்."

"சரியில்ல. நீ கேஎல் ஏர்போர்ட்ல எறங்கிட்டேன்னு போன் பண்ணுனே. நான் காத்திருந்திருக்கணும்."

"இல்லடா, தப்பு எம்மேலதான்."

"எம்மேலன்னு சொல்றேன்லா அண்ணே! கேக்க மாட்டியா?"

"ஒனக்கு எப்பவும் நீ சொல்றதுதான்!"

குரல்கள் ஏறின. மறுபடியும் சண்டை வந்துவிட்டது என்று ரொஸ்னா பயந்துபோய் ஹபீபாவின் கையைப் பிடித்தாள். ஹபீபா சமையலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, சந்தோஷம் தாங்காமல் அழுதாள்.

அஸர் முடிந்து கூட்டம் கலைந்தது. ஹைதர் நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருந்தார். ரசாக் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய கதை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். ஹபீபா தேநீர் கொண்டுவந்து அண்ணனை இரண்டு முறை கூப்பிட்டாள். ரசாக் கதையை நிறுத்திவிட்டு அவர் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தான். பிறகு மெல்ல இன்னாலில்லாஹி சொன்னான்.

இந்த முறை ஊர் நம்பவில்லை. போன் எடுத்தவர்களெல்லாம், "நெசமாவா?" என்று கேட்டார்கள். ஹபீபா ஒவ்வொருவரிடமும் வாக்கியத்தை முழுசாகச் சொல்ல வேண்டியிருந்தது.

பள்ளிவாசலிலிருந்து, அடக்கத்துக்கு ஏற்பாடு செய்யும் ஹாரிஸ் வந்தார். "ராத்திரி இஷா தொழுகைக்கு அப்புறம் அடக்கிடலாமா? ரசாக் அண்ணே, மையித்தக் காக்க வைக்கக் கூடாதுன்னு நீங்கதான் எப்பவும் சொல்வீங்க."

எல்லோரும் ரசாக்கைப் பார்த்தார்கள்.

"அவர் மவ காலைல வருது," என்றான் அவன். "வரட்டும்."

மறுநாள் காலை ரசாக்தான் விமான நிலையத்துக்குக் காடியை ஓட்டிக்கொண்டு போய் நஜ்வாவை அழைத்துவந்தான். முதுகுப்பையைக்கூட இறக்காமல் அவள் அத்தாவின் தலைமாட்டில் போய் நின்றாள். வெளியே மையித்தைச் சுமக்கும் சந்தூக்கோடு ஆட்கள் தயாராக நின்றார்கள். ஹாரிஸ் வாசலில் இருந்து ஒருமுறை செருமினார்.

"சாச்சா, எனக்கு எவ்ளோ டைம் இருக்கு?" என்று சித்தப்பாவைக் கேட்டாள் நஜ்வா.

ரசாக் ஒரு நாற்காலியை இழுத்து அண்ணனின் பக்கத்தில் போட்டு, "உக்காரும்மா," என்றான். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போய், "எல்லாரும் மொதல்ல பசியாறுங்க," என்று சொல்லி, ஒவ்வொரு கோப்பையாக, நிதானமாகத் தேநீர் ஆற்ற ஆரம்பித்தான்.