சனிக்கிழமைக்கு மீன் இல்லை

கராஜ் கதவைப் பாதி சாத்திவிட்டு, மின்சார அடுப்பை ஜீப்பின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தான் ஸகாரியே. அது எங்கள் முழங்கால்களை மட்டும் சுட்டது. முதுகில் குளிர் அப்படியே இருந்தது. வெளியே வியாழக்கிழமை மதியம், பனி விழுவதா வேண்டாமா என்று தீர்மானிக்க முடியாமல் நின்றிருந்தது.

அவன் மகளுக்கு நான் ஞானத்தகப்பன். அந்த உறவில் நாங்கள் ஒருவரையொருவர் கும்மாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். ஒவ்வொரு வருஷமும் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரக் கடைசியில் கலிமன் மலைக்கு ஜீப்பில் போய்க் கூடாரம் போடுவோம். நான், ஸகாரியே, பின்னால் இன்னொரு வண்டியில் ஒவித்யு. சாப்பாடு என் பொறுப்பு. வண்டி ஸகாரியேயின் பொறுப்பு.

மறுநாள் கிளம்ப வேண்டும். இந்த முறை எனக்கு இன்னொரு பொறுப்பும் சேர்ந்திருந்தது. காலையில் ஒவித்யு போன் செய்தான்.

"சொல்லிட்டியா ஸகாரியேகிட்ட?"

"இல்ல."

"சில்வெஸ்த்ரு, ஓடைக்கு மேல இருந்த பாதி ரோடு இலையுதிர் மழையில போயிருச்சு. போன மாசம் அடுக்கி வெச்ச மரக்கட்டை மேல நேரா விடப் பாத்தான். கேட்டா பனி கூசுச்சுங்கறான். பனியே இல்லடா அன்னிக்கு. வண்டிய ஓட்ட வேண்டாம்னு நீதான் சொல்லணும். நீதான் பக்கத்து சீட்டுல உக்காரப் போற."

சொல்கிறேன் என்றேன்.

கோடையில் ஸகாரியேக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை ஆனது. கண்கட்டை அவிழ்ப்பதற்கு முன், பார்வை தெளிந்தால் இந்த வருஷம் கிறிஸ்துமஸ் நோன்பை ஒரு நாள் விடாமல் இருப்பதாக வேண்டிக்கொண்டானாம். இறைச்சியில்லை, முட்டையில்லை, பாலில்லை. அதுவரை நோன்பென்றால் மனைவி சவேத்தாவின் வேலை என்று நினைத்து, பக்கத்தில் உட்கார்ந்து தொத்திறைச்சி தின்றவன் அவன். இப்போது இளைத்துவிட்டான். கழுத்துப்பட்டை தொளதொளவென்று தொங்கியது.

"ரொட்டியை இங்கயே நறுக்கி எடுத்துக்க" என்றான். "போன தடவை கோடாலியால வெட்டுன."

"நறுக்கியாச்சு. பன்னிக்கொழுப்பும் நறுக்கியாச்சு, எங்க ரெண்டு பேருக்கு."

"திங்கறதை ஏன்டா என்கிட்ட சொல்ற, துரோகி."

சூப்பை டப்பாக்களில் ஊற்றி என் வீட்டுப் பால்கனியிலேயே உறைய வைத்திருந்தேன். அவனுக்குத் தனியாகக் கொழுப்பில்லாத பீன்ஸ் சூப். அரிசியும் காளானும் வைத்துச் சுருட்டிய முட்டைக்கோஸ் ஒரு பாத்திரம். வெங்காயத்தை உரித்து எண்ணெயில் வதக்கியாயிற்று. பச்சையாகக் கொண்டுபோனால் அது மலையில் கண்ணாடியாகிவிடும். தண்ணீர் பாட்டில்களைத் தலைகீழாக அடுக்கினேன். பனிக்கட்டி மேலிருந்துதான் பிடிக்கும். மூடிப்பக்கம் கீழே இருந்தால் காலையில் ஒரு வாயாவது கிடைக்கும்.

இவையெல்லாம் கை தானாகச் செய்கிற வேலைகள். சொல்ல வேண்டியதை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. சக்கரச் சங்கிலியை எடுத்துக் கொடுக்கும்போது ஆரம்பிக்கலாம் என்று நினைத்தேன். கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். அவ்வளவுதான். அவன் சங்கிலியின் கொக்கிகளைப் பார்க்காமல், விரலால் ஒவ்வொன்றாகத் தடவி எண்ணிக்கொண்டிருந்தான். எப்போதும் அப்படித்தான் செய்வானா? யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும், அவன் கையைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

சவேத்தா காபியோடு வந்தாள். பாலில்லாத காபி.

"அண்ணே, இவருக்கு ரெண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை வெச்சிருக்கேன். போட வைங்க. நான் சொன்னா கேக்க மாட்டாரு."

"யாரு சொன்னாலும் கேக்க மாட்டான்" என்றேன்.

அவள் என்னை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள். அவளுக்கும் தெரியும் என்று அப்போது புரிந்தது. அவளும் யாராவது சொல்லட்டும் என்று காத்திருக்கிறாள். காலிக் கோப்பைக்காகக்கூட நிற்காமல் போய்விட்டாள்.

ஸகாரியே அலமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். ஃபிர் மரக் கிளைகளில் சுற்றிக் கட்டிய புகைமீன், ஆற்று ட்ரவுட். கட்டைப் பிரிக்காமலே கராஜ் முழுக்க மணத்தது.

"சனிக்கிழமை ராத்திரிக்கு" என்றான். முகம் முதல்முறையாக மலர்ந்திருந்தது. "பீன்ஸு தின்னு தின்னு வயித்துக்குள்ள பேண்டு வாத்தியம். அன்னிக்கு அவிழ்ப்பு உண்டு. காலண்டர்ல பாத்துட்டேன்."

கதவோரம் தேவாலயக் காலண்டர் தொங்கியது. நோன்பைத் தளர்த்தி மீன் உண்ண அனுமதிக்கிற நாட்களுக்குப் பக்கத்தில் அதில் சின்னதாக ஒரு மீன் அச்சிட்டிருக்கும். அதைத்தான் அவிழ்ப்பு என்போம். நோன்பில் சனிக்கிழமைகளில் பெரும்பாலும் உண்டு. ஆனால் கடைசி வாரத்தில் கிடையாது. முதல்முறை நோன்பிருப்பவனுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. காலண்டர்தான் சொல்ல வேண்டும்.

நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தேன். அந்தச் சனிக்கிழமைக்குப் பக்கத்தில் வெறும் வெள்ளை.

"எந்தச் சனிக்கிழமை?" என்றேன்.

எழுந்து போனான். ஒரு மனிதன் காலண்டர் பார்க்க நிற்கிற தூரத்தில் நின்றான். விரலை வைத்தான். "இதோ. மீனு."

அவன் விரல் இருந்தது புதன்கிழமையில். அங்கேயும் வெறும் வெள்ளைதான்.

அடுப்பின் கம்பி செக்கச்செவேலென்று சிவந்து முனகிக்கொண்டிருந்தது. அவன் திரும்பி வந்து பொட்டலத்தை உணவுப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தான். மேலே ஒரு துண்டு போட்டு மூடினான்.

சும்மா இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. சனிக்கிழமை இரவு நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, சந்தோஷமாக அந்த மீனைத் தின்பான். வேண்டுதல் உடைந்தது அவனுக்குத் தெரியவே தெரியாது. கடவுளுக்கு மட்டும் தெரியும், எனக்கும். ஆனால் அதற்கு முன் அந்த ஓடைமேட்டைத் தாண்ட வேண்டும். காலண்டரைப் படித்தது போலத்தான் அதையும் ஞாபகத்தால் படிப்பான். ஞாபகத்தில் அங்கே இன்னமும் ரோடு இருக்கிறது.

எழுந்தேன். துண்டை விலக்கி, மீனை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

"சனிக்கிழமை மீன் இல்ல, கும்மாத்ரே."

"இருக்குடா. இப்பதானே காட்டுனேன்."

"இல்ல."

கோபமாகப் போனான். இந்த முறை மூக்கு காகிதத்தில் முட்டுகிற அளவுக்கு. நகத்தால் வரிசையைத் தொட்டுத் தொட்டு நகர்ந்தான். மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. மறுபடி மேலே. நான் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

"ஞாயிறு?" என்றான், திரும்பாமல்.

"ஞாயிறும் இல்ல."

"கிறிஸ்துமஸ் வரைக்கும்?"

"ஒண்ணும் இல்ல."

வந்து உதிரிச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்தான்.

"தெளியலடா" என்றான். "வலது கண்ணு பரவாயில்ல. இடதுல ஆவி புடிச்ச கண்ணாடி மாதிரி. டாக்டரு இனிமே இப்படித்தான்னுட்டான்."

"அப்புறம் எதுக்குடா நோன்பு இருக்க?"

"வேண்டுனது வேண்டுனதுதானே. மேல இருக்கறவரு தரலேன்னா நானும் தரக் கூடாதா?"

வெளியே கடைசியில் பனி விழத் தொடங்கியிருந்தது, சத்தமில்லாமல்.

ஸகாரியே எழுந்தான். ஜீப்பின் கதவைத் திறந்து, ஓட்டுநர் இருக்கையில் கட்டியிருந்த பழைய ஆட்டுத்தோலின் நாடாக்களைத் தடவித் தடவி அவிழ்த்தான். முடிச்சு இறுகிப்போயிருந்தது. உதவப் போனேன், முழங்கையால் தள்ளிவிட்டான். தோலோடு வண்டியைச் சுற்றி வந்து, அதைப் பக்கத்து இருக்கையில் விரித்துக் கட்டினான்.

"இந்தப் பக்கக் கதவு சரியா மூடாது, தெரியுமா உனக்கு? காத்து நேரா விலாவுல குத்தும்."

"இருபது வருஷமா அங்கதான் உக்காந்திருக்கேன்."

"சொல்லவே இல்லையே நீ."

"சொன்னேன். நீ கேக்கல."

மூக்கால் சிரித்தான். அது சிரிப்புத்தானா என்று இப்போதும் உறுதியாகத் தெரியவில்லை.

"எனக்கு இன்னொரு போர்வை வை. அப்புறம், ஓட்டும்போது கிளட்சு மேல காலைப் போட்டுக்கிட்டே தூங்காத. வண்டி செத்துரும்."

எனக்கு மலையில் வண்டி ஓட்டப் பிடிக்காது. என்றைக்கும் பிடித்ததில்லை. அது அவனுக்குத் தெரியும். போர்வையை மடித்துப் பெட்டியின் மேல் வைத்தேன். மீன் இருந்த இடத்தில் இன்னொரு டப்பா பீன்ஸை வைத்து மூடினேன்.