வரிசையில் இல்லாத குப்பி

"இது என்னக்கா, வரிசையில இல்லாம ஒண்ணு?" என்று கேட்டபடி மலைக்காரன் அந்தக் கண்ணாடிக் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

"தாய் டால்பினோட பால்தான். முதல்ல எடுத்தது சரியா வரலையோன்னு சந்தேகம், அதான் இன்னொரு தடவை எடுத்தேன். கடைசியா போட்டுக்கோ, அவசரம் இல்ல" என்றாள் அவள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் தேவைக்கு மேல் ரெண்டு வாக்கியம் பேசிவிடுவார்கள். அவனோ தலையை ஆட்டிவிட்டுக் குப்பியை இயந்திரத்தின் தட்டில் செருகினான். அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

மலைக்காரன் என்று பெயர் வைத்தவளே அவள்தான். குப்பியில் உள்ளதைத் துளித் துளியாக இயந்திரத்துக்குள் செலுத்திவிட்டுத் திரை முன்னால் உட்கார்ந்திருப்பது அவன் வேலை. உள்ளே எந்த நஞ்சு எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்குத் திரையில் கோடு எழும்பி இறங்கும். எழும்பும்போதெல்லாம் "மலை வந்துருச்சு!" என்று கட்டிடமே கேட்கக் கத்துவான். அவள் வேலை அதற்கு முந்தியது. செத்துக் கரை ஒதுங்கும் டால்பின்களின் கொழுப்பை வெட்டி, அரைத்து, கரைத்து, வடிகட்டிக் குப்பியில் அடைத்துத் தர வேண்டும். அத்தனையும் முடிந்த பிறகு எல்லாக் குப்பியும் தண்ணீராட்டம் ஒன்றுபோலவே இருக்கும், டால்பினா மனுஷியா என்று பார்த்துச் சொல்ல முடியாது. அந்தத் தைரியத்தில்தான் தன் தாய்ப்பாலை டால்பின் குப்பிகளுக்கு நடுவே நிறுத்தியிருந்தாள்.

பிள்ளைப்பேறு விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய வாரத்தில்தான் இரண்டு டால்பின்கள் கரையில் ஒதுங்கின, தாயும் குட்டியும். தாயின் பல்லை அறுத்து வயதைப் பார்த்த ஆய்வகத் தலைவி மேடம், இளம் தாய், குட்டி அநேகமாகத் தலைப்பிள்ளை என்றார். குட்டியின் வயிற்றைத் திறந்தவள் அவள்தான். உள்ளே பால் இருந்தது. வெண்ணெயைக் கரைத்தது போன்ற கெட்டிப் பால், இன்னும் செரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கைகழுவும் தொட்டிப் பக்கம் போய் நின்றாள். அவளுடைய மேலங்கியின் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்திருந்தது. எங்கேயோ ஒரு குட்டி குடித்த பாலைப் பார்த்ததற்குத் தன் உடம்பு இப்படிப் பதில் சொல்லும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

பள்ளிப் பிள்ளைகள் ஆய்வகத்தைப் பார்க்க வரும்போது விளக்கம் சொல்வது அவள்தான். பழைய தொழிற்சாலை எண்ணெய், தடை செய்து எத்தனையோ வருஷமான பூச்சிமருந்து எல்லாம் கடலில் இன்னும் இருக்கிறது என்பாள். அது தண்ணீரில் கரையாது, கொழுப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர் துளி சேர்க்கும், பொடிமீன் அதைத் தின்று இன்னும் சேர்க்கும், பெரிய மீன் பொடிமீன்களைத் தின்னும், டால்பின் பெரிய மீனைத் தின்னும், ஏற ஏற நஞ்சு கூடிக்கொண்டே போகும். ஆண் டால்பின் சாகும்வரை அதைச் சுமக்கும். பெண்ணுக்கு மட்டும் இறக்கி வைக்க ஒரு வழி உண்டு, பால். பல வருஷம் சேர்த்ததில் பெரும் பங்கு முதல் குட்டிக்குப் போய்விடும், அடுத்தடுத்தவற்றுக்குக் குறைவு. இதைச் சொல்லும்போது பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். "மனுஷங்களுக்கும் இப்படியா?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். "கொஞ்சம் போகும். ஆனா தாய்ப்பாலோட நன்மை அதைவிடப் பல மடங்கு பெருசு, எந்த டாக்டரும் நிறுத்தச் சொல்றதில்ல" என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். ஒப்பித்ததெல்லாம் உண்மைதான். ஆனால் தன் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது அந்த வாக்கியம் அவளுக்குக் கைகொடுக்கவில்லை.

அவள் துறைமுகத்தில் வளர்ந்தவள். அம்மா மீன் பிரிக்கும் கொட்டகையில் வேலை பார்த்தார், விற்காமல் மிஞ்சியதுதான் மூன்று வேளைக்கும். அவள் தலைப்பிள்ளை. அவள் மகளும் தலைப்பிள்ளை. குட்டியின் வயிற்றுப் பாலைக் கண்ட நாளிலிருந்து இந்தக் கணக்கு அவள் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது.

மலைக்காரன் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் அவள் குப்பியின் முறை வந்தது. திரையில் கோடு கொஞ்ச நேரம் தரையோடு ஊர்ந்தது. பிறகு எழும்பியது, எழும்பிக்கொண்டே போனது, திரையின் உச்சியில் முட்டி மறைந்தது. எந்த மலை எந்த நஞ்சு என்று அவனுக்குத்தான் தெரியும், அவளுக்குத் தெரிந்ததெல்லாம் உயரம் மட்டும்தான். கைப்பையை எடுத்துக்கொண்டு, தலைவலி என்று மேடத்திடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"டாக்டர் ஒரு மாத்திரை குடுத்திருக்காரு. பாப்பாவுக்குப் பால் குடுக்கக் கூடாதாம். புட்டிப்பால் கலக்கும்மா" என்றாள் அம்மாவிடம். கணவனுக்கு வெளியூரில் வேலை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மா வந்து தங்கியிருந்தார்.

"என்ன மாத்திரை? உனக்கு என்ன நோவு?"

"தலைவலி."

"தலைவலிக்குப் பிள்ளை பட்டினியா?" என்றாலும் அம்மா புட்டியைக் கொதிக்க வைத்தார். பிள்ளை அதைச் சீண்டவில்லை. நாக்கால் தள்ளியது, முகத்தைத் திருப்பியது, அப்புறம் அக்கம்பக்கம் எட்டிப் பார்க்கிற அளவுக்கு ஊரைக் கூட்டியது. அழுது அழுது ஓய்ந்துபோய், பாதிப் புட்டியை வேண்டாவெறுப்பாகக் குடித்துவிட்டு விசும்பிக்கொண்டே தூங்கியது. அவள் குளியலறையில் நின்று, கல்லாய்க் கட்டியிருந்த மார்பைப் பிழிந்து பாலைத் தொட்டியில் விட்டாள். வெள்ளை வெள்ளையாய் ஓடிப் போனதைப் பார்க்கப் பார்க்க அழுகை முட்டியது. கதவுக்கு வெளியே அம்மா நின்றிருந்தது தெரிந்தது.

மறுநாள் அவள் மேலங்கியைக்கூட மாட்டவில்லை, அதற்குள் மலைக்காரன் கூப்பிட்டுவிட்டான். "அக்கா, இங்க வாங்களேன்." அவன் கத்தாமல் பேசினால் ஏதோ விஷயம் என்று அர்த்தம். திரையில் அவளுடைய மலை நின்றிருந்தது.

"இந்த டால்பின் எப்பக்கா க்ரீம் பூச ஆரம்பிச்சுது?"

அவளுக்கு விளங்கவில்லை.

"இது நாம தேடுற நஞ்சே இல்ல. இந்த இடத்துல வர்றது பிளாஸ்டிக் சமாச்சாரம். க்ரீம், பிளாஸ்டிக் டப்பா, பிளாஸ்டிக் குழாய், எதுல பட்டாலும் இது வந்து நின்னுடும். கடல்ல இருந்து எடுத்து நேரா கண்ணாடியில போட்டா இவ்வளவு பெருசா வராது. இது வேற யாரோ..." அவன் நிறுத்திக்கொண்டான். அவள் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தபடியே, "பம்ப் வச்சு எடுத்தீங்களா?" என்று கேட்டான்.

ஆய்வகக் கதவில் 'கையில் க்ரீம் பூசியவர்கள் உள்ளே வர வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியவள் அவள். ஒருமுறை மேடத்தையே வெளியே நிறுத்திக் கைகழுவ வைத்தவள். அப்பேர்ப்பட்டவள், மார்புக்காம்பு வெடிப்புக்குப் பூசிய களிம்போடு, பிளாஸ்டிக் பம்பில் பாலை எடுத்துக்கொண்டு வந்து நின்றிருக்கிறாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன. முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"நேத்துலேருந்து பிள்ளைக்குக் குடுக்கலடா" என்றாள்.

மலைக்காரன் எழுந்து போய் ஒரு கண்ணாடிக் குவளையைக் கரைப்பானில் அலசி, காய வைத்து, பளபளக்கும் உலோகத் தாளால் வாயை மூடிக் கொண்டுவந்து கொடுத்தான். "சோப்புப் போட்டுக் கழுவிட்டு, பம்ப் இல்லாம கையாலேயே எடுங்க. சாமான் ரூமுக்குப் போங்க, நான் வாசல்ல நிக்கிறேன். எவன் வந்தாலும் உள்ள எலி செத்துக் கிடக்குன்னு சொல்லிடறேன்."

அவன் சொன்னபடியே நின்றான். யாரோ வந்து கேட்க, எலியின் அளவைப் பற்றி அவன் விஸ்தாரமாகப் பேசுவது உள்ளே அவளுக்குக் கேட்டது. சாப்பாட்டு வேளையையும் விட்டுவிட்டு அவள் அந்தப் பாலைக் கரைத்து வடிகட்டினாள். பொழுது சாயும் நேரத்தில் கோடு ஓடத் தொடங்கியது. இருவரும் பக்கத்துப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

கோடு எழும்பியது. மலையாக இல்லை, அங்கங்கே சின்னச் சின்ன மேடு. பக்கத்திலேயே டால்பின் தாயின் கோட்டை வைத்துக் காட்டினான். அது திரையைக் கிழித்துக்கொண்டு போனது.

"ஆனா இருக்கு" என்றாள் அவள்.

"இருக்கு. எனக்கும் இருக்கும், மேடத்துக்கும் இருக்கும். இந்தக் கடற்கரையில பொறந்துட்டு இல்லாம எப்படிக்கா இருக்கும்?" என்றவன், திரையில் ஒரு மேட்டை விரலால் தொட்டான். "போன தடவை ஒரு தாய் டால்பின் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? அப்பவும் வரிசையில இல்லாம ஒரு குப்பி ஓடுச்சு. நான்தான் ஓட்டினேன். வீட்டுக்காரியோடது. அதுலயும் இதே மேடுதான். அந்தப் பாலைக் குடிச்ச பொண்ணு இப்ப வீட்டைத் தலைகீழாப் புரட்டிட்டிருக்கு, ஒரு நாள் வந்து பாருங்க."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். நன்றி என்கிற சொல்லை அந்த ஆய்வகத்தில் யாரும் யாரிடமும் சொன்னதில்லை, அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் மட்டும் அச்சடிப்பார்கள். "உனக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன்டா" என்றாள். மனசார வந்தது. அவன் கூச்சத்தில் நெளிந்து, திரையில் இல்லாத ஒரு மலையைத் தேடினான். கிளம்பும்போது குளிர்பெட்டியின் பக்கம் அவள் ஒரு நிமிஷம் நின்றாள். உள்ளே டால்பின் தாயின் கொழுப்பும் குட்டியின் கொழுப்பும் அடுத்தடுத்து இருந்தன. அவற்றுக்கும் ஏதோ சொல்ல வேண்டும்போல இருந்தது. கதவின் மேல் உள்ளங்கையை வைத்து எடுத்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அம்மா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"உன் உடம்புல சேர்ந்ததுல பாதி எனக்கு வந்திருக்கும்மா. தம்பிக்குக் குறைச்சல்தான். நான்தான மூத்தவ" என்றாள்.

"நான் என்னத்தைடி கண்டேன்? மீனைத் தவிர அப்ப வேற என்ன இருந்துச்சு? பசிச்சா சாப்பிட்டேன், நீ அழுதா குடுத்தேன்." அம்மா பிள்ளையை மறு தோளுக்கு மாற்றினார். "என்கிட்ட இருந்ததெல்லாம் உனக்குத்தான் வந்துச்சு. இந்தச் சப்பை மூக்கும்தான் வந்துச்சு. நல்லதை மட்டும் பொறுக்கிக் குடுக்க எனக்குத் தெரியலையேம்மா."

அந்தக் கொட்டகையில் மீன் கூடைகளுக்கு நடுவே சாக்கை விரித்து, இடுப்பு ஒடிய வேலை பார்த்துவிட்டு வந்து, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு தன்னை எடுத்து மடியில் போட்டுக்கொண்ட ஒரு சின்னப் பெண்ணை அவள் முதல்முறையாக நினைத்துப் பார்த்தாள். இன்றைக்கு அவளுக்கு இருப்பதைவிட வயது குறைந்த பெண். நெஞ்சு நிறைந்து போயிற்று. "குடும்மா" என்று கையை நீட்டினாள்.

பிள்ளைக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. ஒரு நாள் கோபத்தையும் சேர்த்து வைத்து, மூச்சு வாங்க வாங்கக் குடித்தது. கட்டியிருந்த மார்பு மெல்ல இளகியது. குடித்துக்கொண்டிருக்கும்போதே கண் சொருகி, பிடி தளர்ந்து, வாயோரம் ஒரு துளி பால் வழிந்து கன்னத்தில் நின்றது.

அம்மா குனிந்து, அந்தத் துளியைச் சுட்டுவிரலால் வழித்து, வேறு ஏதோ நினைப்பில் தன் நாக்கில் வைத்துக்கொண்டு, வெந்நீர் போட அடுப்படிக்குப் போனார்.