பூச்சில்லாத குழாய்

தரமணியில் இருந்த அந்த ஆய்வகத்தில் ஷெரில் நீர்த்தொட்டிக்கு மேல் குனிந்து நின்றாள். அதன் வெதுவெதுப்பான நீருக்குள் இரண்டு குழாய்களில், அவளோடு வேலை செய்யும் சாய்நாத்தின் ரத்தம் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு குழாயின் உட்புறத்தில் அவள் உருவாக்கிய பூச்சு. மற்றது வெறும் பிளாஸ்டிக்.

வெறும் குழாயில் ரத்தம் உறைய வேண்டும். பூசிய குழாயில் உறையக் கூடாது. அப்படி நடந்தால், மாலையில் பேசப்போகும் மருத்துவர்கள் குழாயைச் செம்மறி ஆட்டில் பொருத்திப் பார்க்க ஒப்புக்கொள்வார்கள். இல்லாவிட்டால் அந்த வாய்ப்பு வேறு குழுவுக்குப் போய்விடும். நுரையீரல் வேலை செய்யாத பச்சைக் குழந்தைகளின் ரத்தம் இப்படிப்பட்ட குழாய்கள் வழியாகத்தான் இயந்திரத்துக்குப் போய்த் திரும்புகிறது. உறையாமலிருக்க மருந்து கொடுத்தால் சில குழந்தைகளுக்கு மூளையில் ரத்தம் கசிகிறது. அந்த மருந்தைக் குறைக்கத்தான் பூச்சு.

பம்ப் நின்றது. ஷெரில் பூசிய குழாயை நீளவாக்கில் வெட்டித் திறந்தாள். சுத்தமாக இருந்தது.

"அப்பாடா," என்றார் ஆய்வகத் தலைவர் ஜலஜா. கைப்பேசியில் படமெடுத்து உடனே மருத்துவர்களுக்கு அனுப்பினார்.

ஷெரில் வெறும் குழாயை வெட்டினாள். ரத்தம் தண்ணீர்போல வழிந்தது. உறைந்த துளி ஒன்றுகூட இல்லை.



"அவங்க கேட்டது பூசின குழாயைத்தான்," என்றார் ஜலஜா.

"இது உறையலைன்னா, அது உறையாததுக்கு அர்த்தமே இல்ல மேடம்."

"போன தடவை வெறும் குழாய்ல உறைஞ்ச படம் இருக்கே. அதை வெச்சுக்கலாம்."

ஷெரில் வெறும் குழாயை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"என் ரத்தம் அவ்ளோ சாது," என்று சிரித்தான் சாய்நாத். நரம்பு எளிதில் கிடைக்கும் என்பதால் எப்போதும் அவன் கைதான். அந்தக் கையைப் பார்த்தாள். பஞ்சு முழுக்க நனைந்து, ரத்தம் வாட்ச் பட்டைவரை வழிந்திருந்தது.

"இன்னுமா நிக்கல? மாத்திரை ஏதாவது போட்டியா?"

"அப்பவே இல்லைன்னேனே. வைட்டமின் மட்டும்தான். அம்மா காபியோட வெப்பா." சிரிப்பு நின்றது. "இன்னிக்குக் காபில சர்க்கரையே இல்ல."

"யாரோட காபி அது?"

அவன் மயிலாப்பூரில் இருக்கும் வீட்டுக்குப் போன் செய்தான். அம்மாவின் குரல் எல்லோருக்கும் கேட்டது. "அப்பா டம்ளரை நீதான் எடுத்தியாடா? அவர் ஹார்ட் மாத்திரையைக் காணோம்னு ஆத்தையே ரெண்டு பண்ணிண்டிருக்கார்."

ரத்தம் உறையாமலிருக்க அவன் அப்பா தினமும் விழுங்கும் மாத்திரை. வைட்டமின் என்று நினைத்து அதைத்தான் அவன் விழுங்கியிருந்தான்.

"பஞ்சை விடாம அழுத்து. டாக்டருக்குப் போன் பண்ணு," என்று சொல்லிவிட்டு ஷெரில் தன் சட்டைக் கையை மடித்தாள். "ஜெயபாரதி அக்கா, என் கையில எடுங்க."

"உனுக்கு நரம்பே சிக்காது கண்ணு," என்றாள் நர்ஸ் ஜெயபாரதி. "குத்திக்கினே இருக்கணும்."

"குத்துங்க."

"படத்தை அனுப்பிட்டேன் ஷெரில்," என்றார் ஜலஜா மெதுவாக.

"தெரியும் மேடம்."

நாலாவது குத்தில்தான் ரத்தம் வந்தது. புதிய குழாய்கள். பம்ப் மறுபடி ஓடியது. பார்த்துக்கொண்டே இருந்தால் ஏதோ கெட்டுவிடும் என்பதுபோல அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மருத்துவர்களிடமிருந்து அழைப்பு வந்தது. சற்றுப் பொறுங்கள் என்றார் ஜலஜா.

முதலில் வெறும் குழாய். உள்ளே கருஞ்சிவப்புக் கட்டி, வெட்டியதும் வழுக்கி மேசையில் விழுந்தது. சாய்நாத் பெருமூச்சு விட்டான்.

பிறகு பூசிய குழாய். பளபளவென்று இருந்தது. ஒரு முனையில் மட்டும், இணைப்புக்குப் பக்கத்தில், நூல்போல ஒரு சிவப்புக் கோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் ஊற்றினாள். போகவில்லை.

"அது வெட்டின ஓரம்," என்றார் ஜலஜா. "அங்க பூச்சு விட்டுப்போயிருக்கும். பூச்சுல குறையில்ல."

"இருக்கலாம். எனக்குத் தெரியல மேடம்."

"தெரியலைன்னு சொன்னா ஆடு போயிடும்."

"ம்."

ஜலஜா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைப்பேசியை எடுத்தார். "டாக்டர், காலைல அனுப்பின படத்தைத் தூக்கிப் போட்டுடுங்க. கணக்குல எடுத்துக்க முடியாது. வேற ஒண்ணு வருது. அதுல உறைஞ்சிருக்கு... ஆமா, பூசின குழாய்லதான். ஏன்னு இன்னும் தெரியல." மறுமுனையில் பேசியதை நின்றபடியே கேட்டார். "சரி. ஆட்டை அந்த இன்னொரு குழுவுக்கே கொடுத்துடுங்க."

ஷெரில் மேசைக்கு மேல் தாங்கியில் இருந்த கேமராவைக் குழாயருகே இறக்கி, அந்தச் சிவப்பு நூல் தெளிவாகத் தெரியும்வரை லென்ஸைத் திருகினாள்.