துரை கோபித்துக்கொண்ட வாரம்

துரை ஒருக்களித்துப் படுத்திருந்தது. நான்கடித் தொட்டியின் அடியில், கூழாங்கற்களின் மேல், ஒரு கண் கல்லுக்குள்ளும் ஒரு கண் மேலேயுமாக. வாயில் பிரஷ்ஷோடு ஹாலுக்கு வந்த இளவேனிலுக்கு முதலில் தோன்றியது மீன் செத்துவிட்டது என்பதல்ல, அந்த ஆள் ஏதோ செய்துவிட்டார் என்பதுதான். செவுள் அசைவதைப் பார்த்த பிறகுதான் நுரையைத் துப்பப் போனாள்.

துரை ஓர் ஆஸ்கர் மீன். கறுத்த உடம்பில் செங்கல் நிறத் திட்டுகள், விரித்த கையைவிடப் பெரிது. அவளுடைய அப்பா இராஜமாணிக்கம் கடைசியாக வாங்கிய மீன். கட்டைவிரல் நீளத்தில் வந்தபோதே, தீனி போடுகிறவரைத் தவிர யாரையும் ஏறிட்டுப் பார்க்காத அதன் மிடுக்கைப் பார்த்து அவர்தான் துரை என்று பெயர் வைத்தார். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. தொட்டியின் இடது மூலையில், ஒகேனக்கல்லிலிருந்து அவர் பொறுக்கி வந்த வெள்ளை வரியோடிய கறுங்கல் அவர் வைத்தபடியே இருந்தது. துரை எப்போதும் நிற்பது அதற்கு முன்னால்தான். தொட்டி கழுவும்போதுகூட இளவேனில் அந்தக் கல்லைச் சுற்றித்தான் கழுவுவாள்.

அந்த ஆள் என்றால் சுந்தரம். கம்பெனி கேப்களுக்கு யார் எந்த வண்டி என்று பிரித்துவிடும் மேற்பார்வையாளர், வயது ஐம்பத்தாறு. அம்மா ராதா வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்க வந்தவர், பிறகு மாதம் ஒருமுறை வந்தார், பிறகு சர்க்கரையே பார்க்காமல் வந்தார். இப்போது வருகிற திங்கட்கிழமை பதிவுத் திருமணம். “மொத சாட்சி நீதான். நீ கையெழுத்துப் போடலன்னா நான் போவமாட்டேன்” என்று அம்மா சொல்லியிருந்தாள். அது கெஞ்சலா மிரட்டலா என்று இளவேனிலுக்கு இன்னும் பிடிபடவில்லை.

இந்த நேரம் பார்த்து ஈஜிபுராவில் அவர் குடியிருந்த வீட்டை உரிமையாளர் இடித்துக் கட்டப்போகிறார் என்று காலி செய்யச் சொன்னார். சுந்தரம் கம்பெனி இருக்கும் எலெக்ட்ரானிக் சிட்டியிலேயே ஒரு பிஜி விடுதியில், இருபத்திரண்டு வயதுப் பையன்களுக்கு நடுவே, ஒற்றைக் கட்டில் பிடித்தார். கட்டிலுக்கு இடம் இருந்தது, மீனுக்கு இல்லை. அவருடையது கிரீன் டெரர் என்ற வகை. பெயரிலேயே பயங்கரம், ஆனால் அவர் அதைப் பச்சை என்று கிளியைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார். இரண்டுமே தன் இடத்தில் இன்னொன்றைச் சகிக்காத சாதி. துரையின் தொட்டிக்கு நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தடுப்பை இறக்கி, பச்சையை ஒரு பாதியில் விட்டுப் பதினைந்து நாள் பார்ப்பது, அதன் பிறகு தடுப்பை எடுக்கலாமா வேண்டாமா என்று இளவேனில் சொல்வது என்று பேச்சு. பேச்சுக்கு அவள் ஒத்துக்கொண்டாளே தவிர, மனம் வேறு கணக்குப் போட்டது. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்று சும்மாவா சொன்னார்கள். முதலில் மீன் வரும், பின்னாலேயே ஆள் வரும், அப்புறம் அம்மா பெயரில் இருக்கும் இந்த வீடு போகும். அப்பா உட்கார்ந்த இடமெல்லாம் அதற்கு முன்னாலேயே போய்விடும்.

மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது அவள் உத்தியோகம். பிழை இல்லை என்று ஒப்புக்கொள்வது அந்த உத்தியோகத்தில் கடைசியாக நடக்கிற காரியம். மீன்களுக்கும் ஒரு அட்டவணை போட்டாள். எது எத்தனை தடவை செவுளை விரித்துப் பயம் காட்டியது, தடுப்பில் எத்தனை தடவை மோதியது, தீனிக்கு முதலில் வந்தது எது. முதல் நாள் நாற்பத்தொரு மோதல். பத்தாம் நாள் ஆறு. வேறு யாராவது என்றால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். இளவேனிலுக்குச் சந்தேகம்தான் கூடியது. யாரும் கை வைக்காமல் எந்தப் பிழையும் சரியாவதில்லை என்பது அவள் ஏழு வருஷ அனுபவம். தினம் எடுத்த படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தாள். கறுங்கல்லைத் தவிர மற்ற கற்கள் ஒவ்வொரு நாளும் வேறு வேறு இடத்தில் இருந்தன.

“துரைதான் உருட்டியிருப்பான். அதுக்கு வாய் சும்மா இருக்குமா” என்றாள் அம்மா, கண்ணைப் பார்த்தே. ஆஸ்கர் கல்லை உருட்டும் என்பது உண்மைதான். ஆனால் தடுப்புக்கு அந்தப் பக்கம், பச்சையின் பாதியிலும் கற்கள் இடம் மாறியிருந்தன. துரை ஓட்டை வழியாகக் கையை நீட்டியா உருட்டும்?

அன்று பதிமூன்றாம் நாள், வியாழக்கிழமை. படுத்துக் கிடக்கும் துரையைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். இரண்டு நிமிஷத்தில் அம்மாவின் நம்பரிலிருந்து சுந்தரத்தின் குரல் வந்தது.

“பயப்படாதம்மா. ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. கோச்சுக்கிச்சு, அவ்ளோதான். ஆஸ்கருக்கு அந்தக் கொணம் உண்டு. எடத்த மாத்தினா இப்பிடித்தான் ரெண்டு நாள் படுத்துக்கும், அப்புறம் அதுவா எழுந்துக்கும்.”

“எடத்த யாரு மாத்துனது?”

“இல்லம்மா, பொதுவா சொன்னேன்” என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். மாட்டிக்கொண்டார் என்று நினைத்தபோது இளவேனிலுக்குத் தன்னையறியாமல் ஒரு திருப்தி வந்தது. ராத்திரி இரண்டுவரை அமெரிக்காக்காரர்களோடு பேசிவிட்டு ஒன்பது மணிவரை தூங்குகிறவள் அவள். விடிகாலையில் இந்த ஹாலில் நடப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? பழைய போனைப் பதிவில் போட்டு, சார்ஜரோடு, அலமாரியில் ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை எழுந்து வந்தால் மூலையில் கறுங்கல் இல்லை. தொட்டியின் நடுவில், தடுப்பை ஒட்டி நின்றது. துரை இன்னும் எழுந்திருக்கவில்லை. அப்பாவைத் தொட்டுவிட்டார். இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை, திங்கட்கிழமை எந்தக் கையெழுத்தும் கிடையாது என்று தீர்மானித்துக்கொண்டுதான் போனை எடுத்துப் பார்த்தாள்.

பதிவில் மணி ஆறேகால். அம்மா பால் பாக்கெட்டோடு உள்ளே வந்தாள். பின்னால் சுந்தரம், சத்தம் கேட்கக்கூடாதென்று செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, திருடனைப்போல. சமையலறையில் முழங்கைவரை கழுவிக்கொண்டு வந்து தண்ணீருக்குள் கையை விட்டார். ஒவ்வொரு கல்லாக எடுத்து வேறு இடத்தில், சத்தமில்லாமல் வைத்தார். குரல்கள் கிசுகிசுவென்று கேட்டன.

“அவகிட்ட சொல்லிட்டே பண்ணியிருக்கலாம் ராதா.”

“சொன்னா தொட விடமாட்டா. பழைய எடம்னு ஒண்ணு இருக்கற வரைக்கும் அதுக்காக அடிச்சிக்கும்னு நீங்கதான சொன்னீங்க.”

“நான் மீனச் சொன்னேன்.”

அம்மா மூலையில் இருந்த கறுங்கல்லைக் காட்டி, “அதையும் எடுங்க” என்றாள்.

“அது வேணாம். அது அவரு வச்சது. மத்ததே போதும்.” அவர் கையை வெளியே எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார்.

அம்மா நைட்டியின் கையைச் சுருட்டிக்கொண்டாள். தோள்வரை நனையக் குனிந்து கறுங்கல்லைத் தூக்கினாள். வெளியே எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள், தண்ணீர் நைட்டியெல்லாம் வழிந்தது. “ஆறு வருஷமா இது முன்னாடியே நிக்குது. வேற எங்கயும் போவத் தெரியல அதுக்கு” என்றாள். பிறகு நடுவில் கொண்டுபோய் வைத்தாள். அழுதாளா என்று தெரியவில்லை, முகம் போனுக்குள் விழவில்லை.

இளவேனில் அதை நான்கு தடவை பார்த்தாள். நான்காவது தடவையும் அது அம்மாவின் கையாகத்தான் இருந்தது. அவர் கையாக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று நினைத்தாள். வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். அம்மாவை என்ன செய்வது? அப்படி நினைத்ததற்காக வெட்கமாகவும் இருந்தது, கண்ணைப் பார்த்துப் பொய் சொன்னாளே என்று கோபமாகவும் இருந்தது. அன்று முழுக்க அவள் யாரோடும் பேசவில்லை. துரையும் எழுந்திருக்கவில்லை.

சனிக்கிழமை ஆறேகாலுக்குக் கதவு திறந்தபோது அவள் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். சுந்தரம் அம்மாவுக்குப் பின்னால், இரண்டு கையிலும் ஒவ்வொரு செருப்பு.

“செருப்பக் கீழ வைங்க அங்கிள்” என்றாள் இளவேனில். இத்தனை மாதத்தில் அவள் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர் குனிந்து வைத்தார்.

“இளா, கல்ல நான்தான்…”

“தெரியும்மா. போன்ல பாத்தேன்.”

“சொல்லாமச் செஞ்சது தப்புதான்.”

“செஞ்சது?”

அம்மா யோசித்தாள். “அது தப்புன்னு எனக்குத் தோணல” என்றாள்.

அந்தப் பதிலில் மட்டும் பொய் இல்லை என்று இளவேனிலுக்குத் தெரிந்தது. துரை எழுந்துவிட்டிருந்தது. மூலைக்குப் போகவில்லை. எங்கே நிற்பது என்று தெரியாமல், முதல்நாள் வேலைக்கு வந்தவன்போல, தொட்டியின் பாதியை அளந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் பச்சையும் அதே மாதிரி.

“பதினஞ்சு நாள் ஆச்சு” என்றபடி அவள் எழுந்து சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டாள். “அடிச்சிக்கிட்டா?”

“சொல்ல முடியாதும்மா” என்றார் சுந்தரம். “கடைசிவரைக்கும் கிட்டயே இருந்து பாக்கணும். அவ்ளோதான் எனக்குத் தெரிஞ்சது.”

சத்தியம் செய்து கொடுத்திருந்தால் அவள் நம்பியிருக்கமாட்டாள். தடுப்பின் மேல்விளிம்பைப் பிடித்து மெல்ல மேலே இழுத்தாள். பாசி பிடித்த பிளாஸ்டிக் கறகறவென்று ஏறி வந்தது. பச்சை பாய்ந்து வந்து கறுங்கல்லுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. துரை திரும்பியது. செவுள் பாதி விரிந்தது. இரண்டுக்கும் நடுவே வெள்ளை வரி ஓடிய கல்.

சுந்தரம் மீன்களைப் பார்த்தார். அம்மா இளவேனிலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தண்ணி சொட்டுது பாரு, அதக் கீழ வையேன்” என்றாள் கடைசியில்.

“இருக்கட்டும்” என்றாள் இளவேனில். தடுப்பு அவள் இரண்டு கையிலும் தொட்டிக்கு நேர் மேலே இருந்தது. அதிலிருந்து சொட்டிய தண்ணீர், அசையாமல் நின்ற இரண்டு மீன்களுக்கும் நடுவே, கல்லின் மேலே வட்டம் வட்டமாக விழுந்துகொண்டிருந்தது.